காக்கைக் கூட்டில் குயில் குஞ்சு: எடுத்துப் போடலாமா?

மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். வீட்டு முற்றத்து மாமரத்தில் காக்கை கூடு வைத்திருக்கிறது. மாடியில் நின்று பார்த்தால் உள்ளே மூன்று குஞ்சுகள் தெரிகின்றன. அதில் ஒன்று மற்ற இரண்டையும்விடப் பெரிதாக, வேறு சாயலில் இருக்கிறது. "அது குயில் குஞ்சு, எடுத்துக் களஞ்சிரு. இல்லேன்னா காக்கா குஞ்சு ரெண்டும் பட்டினி கெடந்து செத்துப்போகும்" என்று அவருடைய அம்மை சொல்கிறார். ஐந்தாம் வகுப்புப் படிக்கும் மகளுக்கு வேறு சந்தேகம்: குயிலுக்கு ஏன் கூடு கட்டத் தெரியவில்லை, அது சோம்பேறியா, தன் குஞ்சு இல்லை என்று காக்கைக்கு ஏன் தெரியவில்லை? கூடவே இன்னொரு தொல்லை. துணி காயப்போட மாடி ஏறினால் காக்கை தலையில் கொத்த வருகிறதாம்.

செய்ய வேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன். தயவுசெய்து அந்தக் குஞ்சை எடுக்க வேண்டாம். எடுத்தால் அது பிழைக்காது. அது ஒருபுறம் இருக்க, நீங்கள் ஏணி வைத்து ஏறிக் கூட்டில் கைவைத்தால் காக்கைக் குஞ்சுகளுக்கும் அதனால் நன்மையைவிடக் கெடுதல்தான் அதிகம். தாயும் தகப்பனும் பதறிப்போய் உங்களைத் துரத்துவதிலேயே அரை நாள் கழியும், அந்த நேரம் முழுக்கக் குஞ்சுகளுக்குத் தீனி இல்லை. பயந்த குஞ்சு கூட்டின் விளிம்பு தாண்டிக் கீழே விழுந்துவிடவும் கூடும். அதனால் ஏணியை எடுக்காமல் மாடியிலிருந்தே பாருங்கள். பார்ப்பதற்கு இதைவிட நல்ல இடம் கிடைக்காது. நான் வில்லுக்குறியில் இருக்கிறேன். பல வருஷமாகக் காக்கைக் கூடுகளைக் கவனித்து வருகிறேன். கூட்டின் உள்ளே பார்க்கிற மாதிரி ஒரு மாடி எனக்கு ஒரே ஒரு தடவைதான் வாய்த்தது.

சரி, அது உண்மையிலேயே குயில் குஞ்சுதானா? சிறகு முளைத்து, கூட்டின் விளிம்பில் வந்து நிற்கும்போது காலைப் பாருங்கள். காக்கைக்கு முன்னால் மூன்று விரல், பின்னால் ஒன்று. குயிலுக்கு முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு. குயில் குடும்பம் முழுவதற்கும் கால் இப்படித்தான். அலகின் அடியையும் பாருங்கள். காக்கைக்கு மூக்குத் துளையை மூடிக்கொண்டு குச்சி குச்சியாக மயிர்போன்ற இறகு இருக்கும், குயிலுக்கு அந்த இடம் வெறுமையாக இருக்கும். உடம்பும் காக்கைக் குஞ்சைவிட ஒல்லி, வால் நீளம். இறகு வளர வளர, கறுப்பின்மேல் வெள்ளையோ வெளிர்பழுப்போ கலந்த புள்ளியும் வரியும் தெரியவந்தால் சந்தேகமே வேண்டாம். கண்ணை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். வளர்ந்த குயிலுக்கு இருக்கும் அந்த ரத்தச் சிவப்புக் கண் குஞ்சுக்கு இருக்காது.

இப்போது அது பெரிதாகத் தெரிவதற்குக் காரணம், அது முந்திப் பிறந்ததுதான். காக்கை முட்டை பொரிய 16, 17 நாள் ஆகும். குயில் முட்டைக்கு 12 முதல் 14 நாள் போதும். காக்கை முதல் முட்டை இட்ட ஒன்றிரண்டு நாளுக்குள் குயில் தன் முட்டையைச் சேர்த்துவிட்டால், காக்கைக் குஞ்சுகள் ஓட்டை உடைத்து வெளியே வரும்போது குயில் குஞ்சு ஏற்கெனவே மூன்று நாள் தின்று வளர்ந்திருக்கும். குயிலினத்தில் சிலவற்றைப் பற்றித் தெரியவந்த ஒரு விஷயம் எனக்குப் பெரிய ஆச்சரியம். முட்டை முழுதாக உருவான பிறகும் தாய் அதை உடனே இடாமல் ஒரு நாள் கூடுதலாக வயிற்றிலேயே வைத்திருக்கும். அந்தச் சூட்டிலேயே கரு வளரத் தொடங்கிவிடும். கூட்டுக்குள் வரும்போதே அது முன்னால் ஓடத் தொடங்கிவிட்ட முட்டை. ஆனால் இந்த முந்துதல் கடைசி வரைக்கும் நிற்காது. காக்கை குயிலைவிடக் கனத்த பறவை. நாள் போகப் போகக் காக்கைக் குஞ்சுதான் பெரிதாகும்.

அம்மை சொன்ன பயத்துக்கு வருகிறேன். அது வெறும் பேச்சு இல்லை, அதில் உண்மை இருக்கிறது. மூன்று நாள் மூத்தது முதலில் வாயைப் பிளக்கும், பலமாகக் கத்தும், கொண்டுவந்த தீனியில் பெரும்பங்கை வாங்கிக்கொள்ளும். கடைசியில் பொரிந்த காக்கைக் குஞ்சு மெலிந்து சாவது உண்டு. ஆனால் குயில் குஞ்சு இல்லாத கூட்டிலும் கடைக்குட்டி சாவது சாதாரணம். காக்கை நான்கு ஐந்து முட்டை இடுவதும், அத்தனையும் பறக்காமல் போவதும் எந்த வருஷமும் நடப்பதுதான். நம் பக்கம் இடவப்பாதி மழை, அதாவது தென்மேற்குப் பருவமழை, பிடித்துவிட்டால் காற்றிலேயே கூடு சரிந்துபோவதைப் பார்த்திருப்பீர்கள். முக்கியமானது இதுதான்: நம் ஊர்க் குயிலின் குஞ்சு, காக்கைக் குஞ்சுகளைக் கூட்டிலிருந்து தள்ளிவிடுவதில்லை. பல கூடுகளில் இரண்டும் ஒன்றாகவே வளர்ந்து பறக்கின்றன.

தள்ளிவிடும் கதை எங்கிருந்து வந்தது என்றால், ஐரோப்பாவிலும் ஆசியாவின் வடபகுதியிலும் இருக்கும் வேறொரு குயிலிடமிருந்து. பொரிந்து ஒரு நாள் இரண்டு நாள்கூட ஆகியிருக்காது, கண் திறந்திருக்காது, உடம்பில் ஒரு இறகு இருக்காது. அந்த நிலையில் அதன் குஞ்சு பக்கத்தில் இருக்கும் முட்டையையோ குஞ்சையோ தன் முதுகில் ஏற்றி, காலை ஊன்றிப் பின்னால் நகர்ந்து நகர்ந்து விளிம்புக்கு வெளியே உருட்டிவிடும். முதுகில் அதற்கென்றே ஒரு பள்ளம் உண்டு, கொஞ்ச நாளில் அது நிரவிப்போகும். இதை முதலில் கவனித்துச் சரியாக எழுதியவர் எட்வர்ட் ஜென்னர், 1788-இல். பெரியம்மைக்குத் தடுப்பூசி கண்டாரே, அதே ஜென்னர்தான். அவர் எழுதியதைப் பலர் நம்பவே இல்லை. பாடப் புத்தகத்திலும் வீடியோவிலும் அந்தக் காட்சியைப் பார்த்துவிட்டு, எல்லாக் குயிலும் இப்படித்தான் என்று நாம் எடுத்துக்கொள்கிறோம். உங்கள் மாமரத்தில் இருப்பது அந்தக் குயில் இல்லை.

இனி மகளின் கேள்வி. குயில் சோம்பேறியா?

மகளே, உங்கள் வேலிப் பக்கம் செண்பகம் நடந்துபோவதைப் பார்த்திருப்பாய். செம்போத்து என்றும் சொல்வார்கள். உடம்பு கறுப்பு, சிறகு மட்டும் செங்கல் நிறம், கண் சிவப்பு, குரல் அடித்தொண்டையிலிருந்து "உப் உப் உப்" என்று வரும். அதுவும் குயில் குடும்பத்துப் பறவைதான். ஆனால் அது புதருக்குள் தானே கூடு கட்டி, தானே அடைகாத்து, தானே குஞ்சு வளர்க்கிறது. குயில் குடும்பத்தில் உலகம் முழுக்க 140-க்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. அவற்றில் பாதிக்கும் மேலானவை செண்பகம் மாதிரி சொந்தக் கூடு கட்டுபவை. மிச்சம்தான் பிறர் கூட்டில் முட்டை இடுபவை. உலகத்துப் பறவை இனங்கள் எல்லாவற்றையும் சேர்த்தால் இப்படி வாழ்பவை நூற்றில் ஒன்றுதான். குயில் குடும்பத்துக்குள்ளேயே இந்தப் பழக்கம் மூன்று தடவை தனித்தனியாகத் தோன்றியிருக்கிறது என்று ஆராய்ந்தவர்கள் சொல்கிறார்கள். ஒரு நாள் சோம்பல்பட்டு விட்டுவிட்ட வேலை இல்லை இது. லட்சக்கணக்கான வருஷமாக உடம்பும் முட்டையும் புத்தியும் சேர்ந்து மாறி வந்த வழி. கூடு கட்டும் வேலை போய்விட்டது, அதற்குப் பதில் வேறு வேலை வந்து சேர்ந்திருக்கிறது. அந்த வேலை எவ்வளவு கஷ்டமானது என்று ஒரு தடவை பார்த்தால் யாரும் அதைச் சோம்பேறி என்று சொல்ல மாட்டார்கள்.

நான் பார்த்ததைச் சொல்கிறேன். எங்கள் விளையின் (தோட்டத்தின்) ஓரத்தில் ஒரு புளி நிற்கிறது. அதில் காக்கை கூடு வைத்திருந்தது. ஒரு காலை, எட்டு மணி இருக்கும். நாலு மூடு தென்னை தள்ளி ஒரு ஓலையில் ஆண் குயில் வந்து உட்கார்ந்து, தொண்டை கிழிகிற மாதிரி கூவியது. வழக்கமாக அது இலைக்குள் ஒளிந்துதான் கூவும், கண்ணில் படவே படாது. அன்றைக்கு வெட்டவெளியில் இருந்தது. கூட்டுக்குப் பக்கத்தில் காவல் நின்ற காக்கை கரைந்துகொண்டே பாய்ந்தது. அடைகாத்துக்கொண்டிருந்ததும் எழுந்து பின்னால் போனது. குயில் தென்னைக்குத் தென்னை தாவி அவற்றைக் கோயில் பக்கம் வரைக்கும் இழுத்துக்கொண்டு போனது. அதே நேரம் புளியின் அடிக்கிளை ஒன்றிலிருந்து, பழுப்பும் வெள்ளைப் புள்ளியுமாக இன்னொரு பறவை சத்தமே இல்லாமல் கூட்டுக்கு ஏறியது. அது அங்கே இருந்தது அதுவரை எனக்கே தெரியாது. கூட்டில் குனிந்து உட்கார்ந்தது, எழுந்தது, போய்விட்டது. நான் மனசுக்குள் எண்ணிக்கொண்டிருந்தேன், நூறு வரவில்லை. காக்கைகள் திரும்பி வந்தன. தாய்க் காக்கை கூட்டின் விளிம்பில் நின்று உள்ளே பார்த்தது. பார்த்துவிட்டு, எப்போதும்போல நெஞ்சை அசைத்து அசைத்து முட்டைமேல் அமர்ந்தது.

எல்லாத் தடவையும் ஆண் இப்படி வந்து காக்கையை இழுத்துக்கொண்டு போகும் என்று சொல்ல முடியாது. பெண் தனியாகவே சமயம் பார்த்து நுழைவதும் உண்டு. ஆனால் எந்த வழியானாலும் அதற்கு முன்னால் பல நாள் வேலை நடந்திருக்க வேண்டும். எந்த மரத்தில் காக்கை சுள்ளி சேர்க்கிறது, எது கட்டி முடித்துவிட்டது, எதில் முட்டை விழத் தொடங்கியிருக்கிறது என்று பெண் குயில் கணக்கு வைத்திருக்க வேண்டும். ஒரு வாரம் முந்தினால் வெறும் கூட்டில் கிடக்கும் முட்டை, ஒரு வாரம் பிந்தினால் தன் குஞ்சு கடைக்குட்டி. அமெரிக்காவில் கௌபேர்ட் என்று ஒரு பறவை இதே மாதிரி பிறர் கூட்டில் முட்டை இடுகிறது. அதன் மூளையில் இடங்களை நினைவில் வைக்கும் பகுதி ஆணைவிடப் பெண்ணுக்குப் பெரிதாக இருப்பதைக் கண்டிருக்கிறார்கள். கூடு தேடுவது பெண்தானே. குயிலின் ஊர்ச் சுற்றலை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அது ஞாபகம் வரும்.

காக்கைக்கு ஏன் தெரியவில்லை என்பதுதான் மூன்று கேள்வியிலும் ஆழமானது. காக்கை முட்டாள் இல்லை. அமெரிக்காவில் சியாட்டில் நகரத்தில் ஒரு குறிப்பிட்ட முகமூடியைப் போட்டுக்கொண்டு காக்கைகளைப் பிடித்தார்கள். அதற்கப்புறம் வருஷக்கணக்காக, அந்த முகமூடியோடு யார் நடந்துபோனாலும் காக்கைகள் கூட்டமாகக் கரைந்து துரத்தின. இவ்வளவு ஞாபகம் உள்ள இனம் ஒரு முட்டையில் ஏமாறுகிறது.

முதல் காரணம், அந்த முட்டை அவ்வளவு ஒத்துப்போகிறது. காக்கை முட்டை நீலப்பச்சை, மேலே பழுப்புப் புள்ளியும் கீற்றும். குயில் முட்டையும் சாம்பல் கலந்த பச்சை, பழுப்புப் புள்ளி. குயிலுடையது கொஞ்சம் சிறிது. காக்கை முட்டை நாலு சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவான நீளம், குயிலுடையது மூன்று சென்டிமீட்டர் சொச்சம். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் நமக்கு வித்தியாசம் தெரியும். கூட்டின் நிழலில் தெரியாது. அடுத்த காரணம், தப்பாகச் சந்தேகப்பட்டால் வரும் நஷ்டம். "இது என்னுடையதில்லை" என்று நினைத்துத் தன் முட்டையையே உருட்டிவிட்டால் போனது போனதுதான். குயில் முட்டை ஒன்றைச் சேர்த்து வளர்ப்பதில் நஷ்டம் உண்டு, ஆனால் தன் குஞ்சும் கூடவே பிழைக்க வழி இருக்கிறது. தள்ளிவிடாத குஞ்சு என்பதால் காக்கைக்கு இதில் எல்லாமே போய்விடுவதில்லை. சந்தேகப்படாத காக்கைகளின் வம்சம் அழிந்துபோகாமல் இருப்பதற்கு அது ஒரு பெரிய காரணமாக இருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது.

குஞ்சு பொரிந்த பிறகு காக்கை பார்ப்பது பிளந்த வாயைத்தான். அந்த வாயும் அந்தக் கத்தலும் தாய் தகப்பனை ஓடவைக்கும். தன் கூட்டில் இருக்கும் வாய் தன்னுடையது, அவ்வளவுதான் அதன் கணக்கு. இளம் குயில் முதலில் கறுப்பாக இருப்பதும் காக்கைக் குஞ்சோடு ஒத்துப்போகத்தான் என்று ஒரு கருத்து உண்டு. வளர்ந்த பெண் குயில் பழுப்பு என்பதை நினைத்துப் பார்த்தால் அந்தக் கருத்தில் பொருள் இருக்கிறது.

ஸ்பெயினின் வடக்கில் இருக்கும் ஒரு காக்கையும் ஒரு புள்ளிக்குயிலும் பற்றிய ஆய்வு 2014-இல் வெளிவந்தது. அந்தக் குயில் குஞ்சைப் பிடித்தால் மூக்கைத் துளைக்கும் நாற்றமுள்ள ஒரு கழிவை வெளியேற்றுகிறது. பூனையும் பருந்தும் மிகுந்த வருஷங்களில், குயில் குஞ்சு இருந்த காக்கைக் கூடுகள் இல்லாத கூடுகளைவிட நன்றாகத் தப்பித்தன. எதிரி குறைந்த வருஷத்தில் அதே குஞ்சு காக்கைக்குப் பாரம். நம் குயிலுக்கு இந்த வித்தை இருப்பதாகச் சொல்ல நான் இதைக் கொண்டுவரவில்லை. வளர்ப்புத் தாய்க்கும் வந்த குஞ்சுக்கும் இடையே இருப்பது களவு என்ற ஒரே சொல்லில் அடங்காது என்று காட்டத்தான்.

நம் முன்னோருக்கு இது புதிதும் இல்லை. நிகண்டுகளில் குயிலுக்கு இருக்கும் பெயர்களில் ஒன்று பரபிருதம், பிறரால் வளர்க்கப்பட்டது என்று பொருள். காக்கைக் கூட்டில் வளரும் என்பதைத் தெரிந்துகொண்டேதான் அதன் குரலைக் கொண்டாடியிருக்கிறார்கள்.

குரல் என்றதும் ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. கூவுவது ஆண். மாசி பங்குனியில் விடியுமுன் நாலரை மணிக்கே, மெல்லத் தொடங்கி, ஒவ்வொரு கூவலுக்கும் சுருதி ஏறி, உச்சியில் சட்டென்று அறுந்து நிற்கும் குரல், பளபளக்கும் கறுப்பு ஆணுடையது. பெண்ணுடையது "கிக் கிக் கிக்" என்று வேகமான, கூர்மையான சத்தம். அதைக் கேட்டவர்கள் வேறு ஏதோ பறவை என்றுதான் நினைப்பார்கள். பெண்ணைப் பார்த்து "பருந்துக் குஞ்சு" என்று சொன்னவர்களும் உண்டு. இன்னொரு செய்தி மகளுக்குப் பிடிக்கும். பறவைகளைப் பிரிப்பதில் பாடும் பறவைகள் என்று ஒரு பெரும் பிரிவு இருக்கிறது. தொண்டையில் குரல் எழுப்பும் உறுப்பும் அதன் தசைகளும் நன்றாக அமைந்து, குஞ்சாக இருக்கும்போது கேட்டுப் பழகும் பறவைகள் அவை. காக்கை அந்தப் பிரிவில் இருக்கிறது. குயில் இல்லை. குயிலின் கூவல் கற்றுக்கொண்டது அல்ல, பிறவியிலேயே வருவது. காக்கை ஊட்டி, காக்கைச் சத்தத்திலேயே வளர்ந்த குஞ்சு பெரிதானதும் கரையாமல் கூவுவது அதனால்தான்.

தீனியிலும் இரண்டும் இரண்டு திசை. காக்கை எதையும் தின்னும்: சோறு, மீன் செதில், எலி, புழு. குயில் வளர்ந்த பிறகு பெரும்பாலும் பழம்தான், இடையில் கம்பளிப்புழு, பூச்சி. ஆல், அரசு, அத்தி, நெட்டிலிங்கம் எல்லாம் அதற்குப் பிடிக்கும். உங்கள் வீட்டுக் கறிவேப்பிலை காய்த்துக் கறுத்துப் பழுத்திருந்தால் அதன் பக்கத்தில் கொஞ்ச நேரம் அசையாமல் நில்லுங்கள். குயில் வரும். சிவந்த கண்ணால் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்து, ஒவ்வொரு பழமாகப் பறித்து முழுசாக விழுங்கும். நட்ட ஞாபகமே இல்லாத இடத்தில் கறிவேப்பிலைக் கன்று முளைத்திருந்தால் நட்டது பெரும்பாலும் அதுதான். சந்தன மரத்தின் விதையையும் குயில் பரப்புகிறது. மஞ்சள் அரளி விதை மனிதருக்கு உயிர்க்கொல்லி, ஆனால் அதன் பழத்தையும் குயில் தின்றுவிட்டு ஒன்றும் ஆகாமல் போகும்.

பழம் என்பதிலிருந்து ஒரு யோசனை பிறந்திருக்கிறது. பழத்தில் குஞ்சு வளர வேண்டிய புரதம் குறைவு. காக்கை கொண்டுவரும் மீனிலும் புழுவிலும் அது நிறைய. ஆஸ்திரேலியாவில் பெரிய அலகுக் குயில் ஒன்று இருக்கிறது. அதுவும் பழம் தின்பது, அதுவும் காக்கை போன்ற பெரிய பறவைகளின் கூட்டில் முட்டை இடுவது, அதன் குஞ்சும் கூட இருப்பவற்றைக் கொல்ல முயல்வதில்லை. பழம் தின்னும் இந்த இரண்டு குயிலுக்கும் ஒரே குணம் இருப்பதைச் சிலர் சுட்டிக் காட்டியிருக்கிறார்கள்.

காக்கை எங்கே போகிறதோ அங்கே குயிலும் போகும். சாம்பல் கழுத்துள்ள நம் ஊர்க் காக்கை மனிதரை ஒட்டியே வாழும். கீரிப்பாறை, பேச்சிப்பாறைக்கு மேலே காட்டுக்குள் போனால் அது குறைந்து அண்டங்காக்கைதான் இருக்கும், அதன் கூட்டிலும் குயில் முட்டை இடுவது உண்டு. சிங்கப்பூரில் முன்பெல்லாம் குயில் வலசை வந்து போகிற பறவை மட்டும்தான். ஊர்க் காக்கை அங்கே பெருகிய பிறகு, 1980-களில், குயில் அங்கேயே தங்கிக் குஞ்சு பொரிக்கத் தொடங்கியது. வங்கதேசத்தில் நடந்த ஆய்வுகளில் மைனாவின் கூட்டிலும் கீச்சானின் கூட்டிலும்கூடக் குயில் முட்டை கண்டிருக்கிறார்கள். ஒரே பறவையை நம்பிக் கெட்டுப்போகிற இனம் இல்லை இது.

நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் இந்த வழியில் வாழ்வது இது ஒன்று மட்டும் அல்ல. உங்கள் பக்கம் விஷுப்பட்சி என்று சொல்வார்களே, சித்திரை விஷு நெருங்கும்போது சக்கை (பலா) பழுக்கும் காலத்தில் "சக்கைக்குப்புண்டோ" என்று நாலு சுரத்தில் கேட்பது, அதுவும் குயிலினம்தான். கரிச்சான் வகைகளின் கூட்டில் முட்டை இடும். வல்லூறு மாதிரியே தோற்றம் உள்ள அக்காக்குயிலும், கறுப்பு வெள்ளையில் கொண்டை வைத்த சுடலைக்குயிலும் தவிட்டுக்குருவியைத் தேடிப் போகின்றன. கூட்டம் கூட்டமாக முற்றத்தில் சருகைக் கிளறுமே, கரியிலைக்கிளி என்று மேற்குப் பக்கம் சொல்வது, அதுதான். சுடலைக்குயிலின் முட்டை தவிட்டுக்குருவி முட்டையைப் போலவே பளிச்சென்ற நீலம். மழைநீரை மட்டும் குடிக்கும் சாதகப் பறவை என்று பழைய கவிதைகள் சொல்வது இதைத்தான் என்பார்கள். வடக்கே அது ஆப்பிரிக்காவிலிருந்து பருவமழையோடு வருகிறது. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் இருப்பது அளவில் சிறிய, வருஷம் முழுக்க இங்கேயே இருக்கிற கூட்டம்.

ஐப்பசி கார்த்திகையில் குயில் சத்தம் நின்றுவிடும். எங்கோ போய்விட்டது என்று பலர் சொல்வார்கள். போகவில்லை, கூவவில்லை, அவ்வளவுதான். அப்போதும் ஆலமூட்டில் பழம் தின்றுகொண்டு இருக்கும்.

பெற்ற தாய் தன் குஞ்சை எட்டிப் பார்க்குமா என்று மகள் கட்டாயம் கேட்பாள். பெரும்பாலும் இல்லை. ஆனால் பறந்து வெளியே வந்த இளம் குயிலுக்குப் பெரிய குயில் ஊட்டியதைப் பார்த்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். எனக்கு அந்தக் காட்சி இன்னும் கிடைக்கவில்லை. உங்கள் மாமரத்தில் கிடைத்தால் எனக்கு எழுதுங்கள், அவ்வளவு சந்தோஷப்படுவேன்.

குஞ்சு கூட்டை விட்டு வெளியேற 20 முதல் 28 நாள் வரை ஆகும். அந்தச் சமயத்தில் சரியாகப் பறக்கத் தெரியாமல் கீழே விழுந்துவிட்டால் வீட்டுக்குள் கொண்டுபோக வேண்டாம். பாலும் சோறும் ஊட்ட வேண்டாம். ஒரு துண்டால் மெல்ல எடுத்து, பூனை எட்டாத கிளையில் வைத்துவிட்டுத் தள்ளிப் போய்விடுங்கள். கை பட்டதால் காக்கை ஒதுக்கிவிடும் என்பது உண்மை இல்லை. அது கத்தும், காக்கை தேடி வந்து ஊட்டும். குயிலைப் பிடித்துக் கூண்டில் வளர்ப்பது 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் கேட்டால் இதையும் சொல்லிவிடுங்கள்.

கொத்த வரும் காக்கைக்கு வழி சுலபம். குடை பிடித்துக்கொண்டு மாடி ஏறுங்கள். கல்லோ கம்போ வேண்டாம், அது உங்கள் முகத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளும். குஞ்சுகள் பறந்ததும் அந்த ஆவேசம் தானாக அடங்கிவிடும். அதற்குப் பிறகும் குயில் குஞ்சு சில வாரம் பக்கத்து மரங்களில் காக்கையைத் தொடர்ந்து போய், சிறகை நடுக்கித் தீனி கேட்கும். ஆடி அமாவாசை வரைக்கும்கூட அது நீளலாம். குழித்துறை ஆற்றில் முன்னோருக்கு வாவுபலி முடித்து வந்து வீட்டில் காக்கைக்குச் சோறு வைப்பீர்கள் அல்லவா, வைத்துவிட்டு உடனே உள்ளே போய்விடாமல் கொஞ்சம் நில்லுங்கள். சோற்றை எடுத்த காக்கை எந்தக் கிளைக்குப் போகிறது, யார் வாயில் வைக்கிறது என்று அம்மையையும் மகளையும் பார்க்கச் சொல்லுங்கள்.